முதலில் கியர்பாக்ஸைக் கேளுங்கள்



வகுப்பில் கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், கடைசி வரிசைக்கும் உயிர் வந்துவிடும். "டீச்சர், அந்தக் கார் எத்தனை குதிரைத் திறன்?" என்பதுதான் முதல் கேள்வி. "டர்போ இருக்கா?" என்பது இரண்டாவது. பத்து ஆண்டுகளுக்கு மேலாக அறிவியல் நடத்துகிறேன். "அந்த இஞ்சினுக்கு எந்த கியர்பாக்ஸ்?" என்று என் வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை.

ஒரே ஒருவர் கேட்டார். அதுவும் பள்ளியை விட்டுப் போய் ஆறு ஆண்டுகள் ஆன பிறகு.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஜெஞ்சாரோமில் ஒரு கார் பட்டறையில் வேலை செய்கிறார். நான்காம் படிவத்தில் அவர் என் மாணவர். அப்போது அவருடைய பெற்றோரிடம் நான் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் என் நினைவில் இருக்கிறது: "இவனுக்குப் படிப்பு வராது. ஏதாவது கைவேலைக்கு விட்டுவிடுங்கள்." நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன். அது எவ்வளவு தவறு என்பதைச் சென்ற ஆண்டு அவர் கேட்ட ஒரு கேள்வி எனக்குப் புரியவைத்தது. அந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

கேள்வி இதுதான்

என் காரை சர்வீஸுக்கு விடப் போயிருந்தேன். பட்டறையின் மூலையில் டொயோட்டா எம்ஆர்2 ஒன்று நின்றது. 1984-இல் வெளிவந்த முதல் தலைமுறை வடிவம். அந்தக் காரில் இஞ்சின் முன்னால் இருக்காது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் குறுக்காகப் படுத்திருக்கும். இதைத்தான் நடு இஞ்சின் கார் என்கிறோம்.

"டீச்சர், உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கலாமா?" என்று வந்தார். வாடிக்கையாளரின் 1.6 லிட்டர் இஞ்சின் செத்துவிட்டது. அவருக்கு 2 லிட்டர் டர்போ இஞ்சின் வேண்டுமாம். ஆனால் செலவைக் குறைக்க, கியர்பாக்ஸ் பழையதே இருக்கட்டும் என்கிறாராம். "பழைய பாக்ஸ் தாங்காதுன்னு எனக்குத் தெரியும் டீச்சர். ஆனா ஏன் தாங்காதுன்னு அவருக்குப் புரியிற மாதிரி சொல்லத் தெரியல. கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. முறுக்கு விசை என்றால் என்ன என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு கியர்பாக்ஸ் எதைத் தாங்கும், எதனால் உடையும் என்று யோசித்ததே இல்லை. அன்று வீட்டுக்கு வந்து படித்தேன். அந்த வார இறுதியில் பட்டறையில் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் இருவரும் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கு உங்கள் பாடப்புத்தகத்துக்கு வெளியே இல்லை.

டிரான்ஸ்ஆக்சில் என்றால் என்ன?

பழைய லாரியைக் கீழே குனிந்து பாருங்கள். இஞ்சின் முன்னால், அதை ஒட்டி கியர்பாக்ஸ், அங்கிருந்து நீண்ட தண்டு, கடைசியில் பின்அச்சின் நடுவே உருண்டையான ஒரு பெட்டி. அந்த உருண்டைக்குள் இருப்பது டிஃபரன்ஷியல். கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவது டிஃபரன்ஷியலின் வேலை.

கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரே கூட்டுக்குள் அடைத்தால் அதுதான் டிரான்ஸ்ஆக்சில். உங்கள் வீட்டு மைவி, சாகா போன்ற முன்சக்கர இழுவைக் கார்கள் எல்லாவற்றிலும் இருப்பது இதுவே. நடு இஞ்சின் காரிலும் நீண்ட தண்டுக்கு இடம் இல்லை. அதனால் அங்கேயும் டிரான்ஸ்ஆக்சில்தான்.

இங்கே ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. முன்சக்கர இழுவைக் காரின் இஞ்சினையும் டிரான்ஸ்ஆக்சிலையும் சேர்த்து, திசை மாற்றாமல் அப்படியே தூக்கிப் பின்னால் வைத்தால் நடு இஞ்சின் கார் கிடைத்துவிடும். 1972-இல் ஃபியட் எக்ஸ்1/9 இப்படித்தான் பிறந்தது. எம்ஆர்2 அதே வழியில் வந்தது. கியர் மாற்றும் கேபிள்களைப் பின்னோக்கி நீட்ட வேண்டும். பின்சக்கரங்கள் திரும்பாதபடி கட்டிவைக்க வேண்டும். சுழலும் திசையில் எந்தச் சிக்கலும் இல்லை.

நான்கு ரிவர்ஸ் கியர், ஒரே ஒரு முன்கியர்!

இஞ்சினைக் குறுக்காக இல்லாமல் நீளவாட்டில் வைத்தால் கதை மாறும். 1966-இல் லோட்டஸ் நிறுவனம் யூரோப்பா என்ற நடு இஞ்சின் காரைத் தயாரித்தது. அதற்கு ரெனோ 16 காரின் இஞ்சினையும் டிரான்ஸ்ஆக்சிலையும் எடுத்துக்கொண்டது. ரெனோ 16-இல் கியர்பாக்ஸ் முன்னால் இருக்கும், இஞ்சின் அதன் பின்னால் இருக்கும். யூரோப்பாவில் இஞ்சின் முன்னால் வர வேண்டும், கியர்பாக்ஸ் பின்னால் போக வேண்டும். எனவே முழுத் தொகுதியையும் 180 பாகை திருப்பி வைத்தார்கள்.

திருப்பினால் என்ன ஆகும்? சக்கரங்கள் எதிர்த்திசையில் சுழலும். அந்தக் காருக்கு நான்கு ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன்கியரும் இருந்திருக்கும்! லோட்டஸ் பொறியியலாளர்கள் டிஃபரன்ஷியலைத் திறந்து, பெரிய வளையப் பல்சக்கரத்தைச் சிறிய பினியனின் மறுபக்கத்துக்கு மாற்றிப் பொருத்தினார்கள். திசை சரியாகிவிட்டது.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு பென்சிலை விரல்களால் ஒரே திசையில் உருட்டுங்கள். நண்பர் ஒரு தட்டை நிமிர்த்திப் பிடித்து, அதன் முகத்தை முதலில் பென்சிலின் இடப்பக்கம் தொடவிடட்டும், பிறகு வலப்பக்கம். இரண்டு முறையும் தட்டு எந்தத் திசையில் சுழல முயல்கிறது என்று பாருங்கள். பென்சில் திசை மாறவில்லை, தட்டு மாறுகிறது. ஒரு கார் நிறுவனத்தின் சிக்கலைத் தீர்த்தது இந்த எளிய வடிவியல்தான்.

ஆகவே டிரான்ஸ்ஆக்சில் தேர்வில் முதல் கேள்வி வலிமை பற்றியது கூட அல்ல. "இதை இப்படி வைத்தால் சக்கரம் எந்தப் பக்கம் சுழலும்?" என்பதுதான்.

கியர்பாக்ஸுக்குக் குதிரைத் திறன் தெரியாது

இப்போது பட்டறைக் கணக்குக்கு வருவோம்.

நான்காம் படிவத்தில் இயற்பியல் எடுத்தவர்களுக்குத் திறன் என்றால் தெரியும். சுழலும் பொருளுக்கு, திறன் என்பது முறுக்கு விசையைச் சுழல் வேகத்தால் பெருக்கினால் வருவது. ஸ்பேனரை எவ்வளவு பலமாகத் திருப்புகிறீர்கள் என்பது முறுக்கு விசை. எவ்வளவு வேகமாகத் திருப்புகிறீர்கள் என்பதும் சேர்ந்தால் திறன்.

கியர்பாக்ஸின் பல்லை உடைப்பது எது? ஒரு பல் இன்னொரு பல்லை அழுத்தும் விசை. அந்த விசையை முடிவு செய்வது முறுக்கு விசை. வேகமாகச் சுழன்றால் சூடும் தேய்மானமும் கூடும், உண்மைதான். ஆனால் பல் ஒடிவது முறுக்கு விசையால்.

எம்ஆர்2-இல் முதலில் இருந்த 16 வால்வு 1.6 லிட்டர் இஞ்சினின் முறுக்கு விசை ஏறத்தாழ 149 நியூட்டன் மீட்டர். வாடிக்கையாளர் கேட்ட 3எஸ்-ஜிடிஇ என்ற 2 லிட்டர் டர்போ இஞ்சின் தருவது 304 நியூட்டன் மீட்டர். இரு மடங்குக்கும் சற்று மேல். அதாவது 149-க்காகச் செய்த பற்களின் மேல் 304 ஏறும்.

இதை டொயோட்டாவே எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். அந்த 1.6 லிட்டர் இஞ்சினுக்கு அவர்கள் 'சி' வகை டிரான்ஸ்ஆக்சில் கொடுத்தார்கள். 1986-இல் அதே இஞ்சினில் சூப்பர்சார்ஜர் பொருத்தினார்கள். முறுக்கு விசை 186 ஆனது. உடனே கியர்பாக்ஸையும் மாற்றி, அதைவிடப் பெரிய 'ஈ' வகையைக் கொடுத்தார்கள். அடுத்த தலைமுறை எம்ஆர்2-இல் டர்போ இல்லாத 2 லிட்டருக்கு எஸ்54, டர்போ உள்ளதற்கு ஈ153. காரைத் தயாரித்தவரே 149-இலிருந்து 186-க்குப் போக வேறு பெட்டி தேவை என்று நினைத்திருக்கும்போது, 304-க்குப் பழைய பெட்டியே போதும் என்று நாம் சொன்னால் அது துணிச்சல் ஆகாது, அலட்சியம் ஆகும்.

அட்டைப்பெட்டிக் கணக்கு

கியர் விகிதம் என்பது சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசையைப் பெருக்கும் எண். முதல் கியரின் விகிதத்தையும் இறுதி விகிதத்தையும் பெருக்கிப் பாருங்கள்.

பழைய 'சி' வகையில் முதல் கியர் 3.17, இறுதி விகிதம் 4.31. அப்படியானால் 149 × 3.17 × 4.31 = சுமார் 2,035 நியூட்டன் மீட்டர்.

ஈ153-இல் முதல் கியர் 3.23, இறுதி விகிதம் 4.29. டர்போ இஞ்சினோடு சேர்த்தால் 304 × 3.23 × 4.29 = சுமார் 4,210 நியூட்டன் மீட்டர்.

சக்கரத்தின் ஆரம் 0.29 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முறுக்கு விசையை ஆரத்தால் வகுத்தால் தரையைத் தள்ளும் விசை கிடைக்கும். முதலாவதில் சுமார் 7,000 நியூட்டன். இரண்டாவதில் சுமார் 14,500 நியூட்டன். பற்களின் உராய்வில் இழக்கும் கொஞ்சத்தை விட்டுவிடுவோம்.

இனி டயர் எவ்வளவு தாங்கும்? ஓட்டுநரோடு கார் 1,100 கிலோ, அதில் ஏறத்தாழ 57 விழுக்காடு பின்சக்கரங்களின் மேல் என்று கொண்டால் சுமார் 630 கிலோ. உராய்வுக் கெழு 1 என்றால், பின்டயர்கள் பிடித்துக்கொள்ளக்கூடிய விசை 630 × 9.8 = ஏறக்குறைய 6,200 நியூட்டன். காய்ந்த தார்ச்சாலைக்கு இது நல்ல மதிப்பீடு. நம் ஊரின் மாலை மழையில் இன்னும் குறையும்.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: 6,200, 7,000, 14,500. முதலில் வந்த இஞ்சின் டயரின் எல்லையை ஒட்டி நிற்கிறது. அதனால்தான் அந்தக் கார் ஓட்டுவதற்கு அவ்வளவு சுகமாக இருந்தது. டர்போ இஞ்சின் முதல் கியரில் டயர் தாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தள்ளுகிறது. மீதி விசை காரை முன்னே கொண்டுபோகாது. டயரைப் புகைய வைக்கும், அல்லது காரைச் சுழற்றிவிடும்.

இதில் ஒளிந்திருக்கும் இன்னொரு பாடத்தை என் மாணவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். "டயர் வழுக்கினா பாக்ஸ் பிழைச்சிடும் டீச்சர். நல்லா ஒட்டுற ரேஸ் டயர் போட்டாத்தான் பாக்ஸ் உடையும்." யோசித்துப் பாருங்கள். வீட்டு மின்சுற்றில் ஃபியூஸ் முதலில் உருகுவதுபோல், டயர் வழுக்கும்போது கியர்பாக்ஸுக்குப் போகும் விசை அதற்கு மேல் ஏறுவதில்லை. டயரின் பிடியைக் கூட்டினால் சங்கிலியின் அடுத்த பலவீனமான கண்ணி ஒடியும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. உடைந்த பற்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர் சொன்னது.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஈ153-இன் ஐந்தாம் கியர் 0.73. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் இஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,150 சுற்று ஓடும். பழைய பெட்டியின் ஐந்தாம் கியர் 0.815. அதே வேகத்துக்குச் சுமார் 3,540 சுற்று தேவை. சுற்று குறைந்தால் சத்தம் குறையும், பெட்ரோலும் பெரும்பாலும் மிச்சம். சுற்று கூடினால் முந்தும்போது சுறுசுறுப்பு. எது நல்லது? தினமும் கிள்ளானுக்கு வேலைக்குப் போகிறவருக்கு ஒரு பதில், சிப்பாங் ஓடுதளத்துக்குப் போகிறவருக்கு இன்னொரு பதில். 'சிறந்த கியர்பாக்ஸ்' என்று தனியாக ஒன்று கிடையாது. யாருக்கு, எதற்கு என்பதைச் சேர்த்துத்தான் விடை வரும்.

பெரியவர்களும் சறுக்கிய இடம்

பட்டறைப் பையன்கள்தான் இப்படித் தடுமாறுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 1964-இல் ஃபோர்டு நிறுவனம் ஃபெராரியை வெல்வதற்காக ஜிடி40 என்ற நடு இஞ்சின் காரை லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்கு அனுப்பியது. பணத்துக்குக் குறைவில்லை, வேகத்துக்கும் குறைவில்லை. மூன்று கார்கள் போயின, மூன்றுமே பந்தயத்தை முடிக்கவில்லை. ஒன்று தீப்பிடித்தது. மற்ற இரண்டையும் நிறுத்தியது கொலோட்டி டிரான்ஸ்ஆக்சிலில் ஏற்பட்ட கோளாறு.

பிறகு 7 லிட்டர் இஞ்சினை வைத்தபோது ஃபோர்டு பாடம் கற்றிருந்தது. அந்த முறுக்கு விசைக்கென்றே டி-44 என்ற டிரான்ஸ்ஆக்சிலைச் செய்தார்கள். அதில் நான்கு கியர்கள் மட்டுமே. கியரின் எண்ணிக்கையைக் குறைத்தால் அதே நீளத்துக்குள் ஒவ்வொரு பல்சக்கரத்தையும் அகலமாகச் செய்யலாம், அகலமான பல் அதிக விசையைத் தாங்கும். 1966-இல் அதே லெ மான்ஸில் ஃபோர்டு முதல் மூன்று இடங்களையும் பிடித்தது.

நமக்கு நெருக்கமான உதாரணமும் இருக்கிறது. 1996-இல் நம் புரோட்டோன் நிறுவனம் லோட்டஸை வாங்கியது. 2017-இல் சீனாவின் ஜீலி பெரும்பங்கை வாங்கும்வரை லோட்டஸ் புரோட்டோனின் கையில் இருந்தது. அந்தக் காலத்தில்தான் லோட்டஸ் எலிஸ் என்ற சிறிய நடு இஞ்சின் கார் உலகப் புகழ் பெற்றது. முதலில் அதில் ரோவர் கே வரிசை 1.8 லிட்டர் இஞ்சினும் பிஜி1 என்ற ஐந்து கியர் பெட்டியும் இருந்தன. 2004-இல் டொயோட்டாவின் 2இசட்இசட்-ஜிஇ இஞ்சினுக்கு மாறினார்கள். அதுவும் 1.8 லிட்டர்தான். ஆனால் நிமிடத்துக்கு 8,000 சுற்றுக்கு மேல் ஓடக்கூடியது.

லோட்டஸ் என்ன செய்தது? பழைய ஐந்து கியர் பெட்டியை அடாப்டர் தட்டு வைத்து ஒட்டவில்லை. அந்த டொயோட்டா இஞ்சினோடு பிறந்த சி64 என்ற ஆறு கியர் பெட்டியையே சேர்த்து வாங்கியது. உயர்ந்த சுற்றில்தான் அந்த இஞ்சின் உயிர் பெறும். கியர்கள் நெருக்கமாக இருந்தால், ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது சுற்று அதிகம் இறங்காது. இஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரு சோடியாகப் பார்த்த முடிவு அது.

அதனால்தான் நம் ஊரில் ஜப்பானிலிருந்து வரும் 'ஹாஃப்கட்' கார்களை வாங்கும்போது அனுபவமுள்ள மெக்கானிக், இஞ்சினை மட்டும் கேட்பதில்லை. இஞ்சின், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், வயரிங், கணினிப் பெட்டி எல்லாம் ஒரே காரிலிருந்து வருகிறதா என்று பார்ப்பார். குடும்பம் மாறினால் திருகுத் துளைகள் பொதுவாகப் பொருந்தாது. கிளட்ச் தட்டின் பள்ளங்கள் பொருந்தாது. இஞ்சின் தண்டும் கியர்பாக்ஸ் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் பேரிங்குகள் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சரி, அவர் என்ன செய்தார்?

அந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, கணக்கோடு அப்படியே வாடிக்கையாளரிடம் காட்டியிருக்கிறார். பழைய பெட்டியோடு டர்போ வேண்டாம். டர்போதான் வேண்டும் என்றால் ஈ153-உம், அதற்கேற்ற டிரைவ் ஷாஃப்ட்டும், பெரிய பிரேக்கும் சேர்த்துச் செலவாகும். இல்லையென்றால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதே 1.6 லிட்டர் குடும்பத்தின் 20 வால்வு இஞ்சின். அதன் திறன் 160 குதிரைத் திறன், பழையதோ சுமார் 130. ஆனால் முறுக்கு விசை 149-இலிருந்து 162 மட்டுமே. ஏன்? அது கூடுதல் திறனைப் பெரும்பாலும் வேகமாகச் சுழன்று பெறுகிறது, பலமாகத் திருப்பிப் பெறவில்லை. ஆகவே நல்ல நிலையில் உள்ள பழைய கியர்பாக்ஸுக்குச் சுமை கொஞ்சமே கூடுகிறது. பெட்டியும் பொருந்துகிறது, டயரும் தாங்குகிறது.

வாடிக்கையாளர் முதலில் முகம் சுளித்தாராம். 'டர்போ' என்ற சொல்லை நண்பர்களிடம் சொல்ல முடியாதே! ஒரு வாரம் கழித்து வந்து 20 வால்வுக்குச் சம்மதித்தார். இஞ்சின் எண் மாறுவதால் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி, சோதனை எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்த பிறகுதான் வேலையைத் தொடங்கினார்கள். இதை மறக்காதீர்கள். வாகனப் பதிவில் இஞ்சின் எண்ணும் இருக்கிறது. அனுமதியில்லாமல் மாற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது. விபத்து என்று வந்தால் காப்புறுதியும் கேள்விக்குறியாகும்.

என் கருத்து

இனி, இவ்வளவும் எதற்காக எழுதினேன் என்பதைச் சொல்கிறேன்.

நம்மிடையே ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம். கணக்குப் போடுகிறவர்கள் ஒரு பக்கம், ஸ்பேனர் பிடிக்கிறவர்கள் மறுபக்கம். தேர்வில் நன்றாகச் செய்தால் அந்தப் பக்கம், இல்லையென்றால் இந்தப் பக்கம். பெற்றோர்களும் கிழிக்கிறார்கள், என்னைப் போன்ற ஆசிரியர்களும் கிழித்திருக்கிறோம். அந்தக் கோடு பொய் என்கிறேன். கணக்குத் தெரியாத கை வாடிக்கையாளரின் பணத்தையும் சில நேரம் உயிரையும் பணயம் வைக்கிறது. பல்லைத் தொட்டுப் பார்க்காத கணக்கு தேர்வுத்தாளோடு முடிந்துவிடுகிறது. அன்று பட்டறையில் எங்கள் இருவருக்கும் ஆளுக்குப் பாதிதான் தெரிந்திருந்தது. சேர்ந்து உட்கார்ந்ததால் ஒரு முழு விடை கிடைத்தது.

சிலர் சொல்வார்கள்: "மாணவர்களுக்கு இஞ்சின் மாற்றுவதைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தால் சாலையில் பந்தயம் விடப் போவார்கள்." எனக்கு அந்தக் கவலை புரிகிறது. இரவில் சாலையில் சீறிப் பாயும் மோட்டார் சைக்கிள்களின் சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஆசையை நாங்கள் ஊட்டவில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது. 6,200 நியூட்டனுக்கும் 14,500 நியூட்டனுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த பிள்ளை, ஈரச்சாலையில் ஆக்சிலரேட்டரை மிதிக்குமுன் ஒரு கணம் யோசிக்கும் என்று நம்புகிறேன். பேசாமல் இருப்பது யாரையும் காப்பாற்றியதில்லை.

இன்னும் சிலர், "மின்சாரக் கார் வந்துவிட்டது, இனி கியர்பாக்ஸ் எதற்கு?" என்பார்கள். மின்சாரக் காரிலும் மோட்டாரின் சுழற்சியைக் குறைத்து முறுக்கு விசையைப் பெருக்கும் பல்சக்கரங்களும் டிஃபரன்ஷியலும் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஒரே கியர். 2019-இல் வந்த போர்ஷே டைகானின் பின்அச்சில் இரண்டு கியர்கள். இஞ்சின் போய் மோட்டார் வந்தாலும் கேள்வி மாறவில்லை: எவ்வளவு பெருக்க வேண்டும், பல் தாங்குமா, டயர் பிடிக்குமா?

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

கார் பைத்தியம் பிடித்தவர்களே, அந்தப் பைத்தியத்தை வைத்துக்கொண்டு இயற்பியலுக்குப் பயப்படாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே நேசிக்கிற ஒன்றுக்குப் பள்ளியில் வைத்திருக்கும் பெயர்தான் இயற்பியல். தொழில்திறன் கல்லூரிக்குப் போக விரும்பினால் தலைநிமிர்ந்து போங்கள். ஆனால் கணக்கை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தேர்வில் எப்போதும் முதலிடம் வருகிறவர்களே, விடுமுறையில் ஒரு நாள் தெரிந்த பட்டறைக்கு அனுமதி கேட்டுப் போய் நில்லுங்கள். அங்கே பழைய கியர்பாக்ஸ் ஒன்று திறந்து கிடக்கும். அதன் பற்களை எண்ணுங்கள். எண்ணெய் ஒட்டிய விரலோடு வீட்டுக்கு வாருங்கள்.

பட்டறை பக்கத்தில் இல்லையென்றால் கியர் உள்ள மிதிவண்டி போதும். மிதியடிப் பக்கத்துப் பல்சக்கரத்தின் பற்களையும், பின்சக்கரத்தின் ஒவ்வொரு பல்சக்கரத்தின் பற்களையும் எண்ணி வகுத்துப் பாருங்கள். மேம்பாலம் ஏறும்போது எந்த விகிதம் உங்கள் காலுக்கு ஒத்துவருகிறது, சமதரையில் எது என்று குறித்து வையுங்கள். உங்கள் கால்தான் இஞ்சின். அதன் முறுக்கு விசைக்கு எந்த கியர் பொருத்தம் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். டிரான்ஸ்ஆக்சில் தேர்வின் முதல் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

நானும் ஒன்று செய்திருக்கிறேன். படிப்பு வராது என்று நான் சொன்ன அந்த மாணவரை எங்கள் நான்காம் படிவ வகுப்புக்கு அழைத்திருக்கிறேன். பல் உடைந்த பழைய கியர்பாக்ஸ் ஒன்றைப் பிரித்துக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று அவர் நடத்துவார், நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.